மடக்குக் கத்தில எஸ்30வி, எம்390, மேக்னாகட்: எதுக்கு காசு கொடுக்கலாம்?

கேள்வில மூணு ஸ்டீல் பேர் சொல்லி எது பெஸ்ட், விலை ஏற ஏற உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமானு கேட்டிருக்கீங்க. ஒரே ஒரு கத்தி தான் வாங்கப் போறேன்னா மேக்னாகட் வாங்குங்க, முடிஞ்சுது. ஆனா வீட்ல என்ன சாணைக்கல் இருக்குனு நீங்க சொல்லவே இல்ல, அது தெரியாம ஸ்டீல பத்தி பேசறது பாதி பேச்சு தான்.

நான் அமெரிக்கால ஒரு வேர்ஹவுஸ்ல வேலை பாக்கறேன், அட்டைப்பெட்டி வெட்டறது தான் பொழுதுக்கும். அட்டை சாஃப்ட் தானேனு நினைப்பீங்க, இல்ல. பழைய அட்டைய அரைச்சு திரும்ப செஞ்ச அட்டைல கண்ணுக்குத் தெரியாத பொடி மண்ணு, களிமண்ணு எல்லாம் கலந்து தான் வரும், கத்தி வாய அது கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுட்டே இருக்கும். அதனால ஸ்டீல் வித்தியாசம் எங்க ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும். வீட்ல ஆப்பிள் நறுக்கி கொரியர் கவர் பிரிக்கிறவங்களுக்கு நிஜமாவே தெரியாது, அவங்களுக்கு எந்த ஸ்டீலும் ஓகே.

ஸ்டீல கான்கிரீட்னு வச்சுக்கோங்க, இரும்பு தான் சிமெண்ட் கலவை, கார்பைடு (கார்பனும் வேற உலோகமும் சேந்து உருவாகற ரொம்ப கடினமான துகள்) தான் ஜல்லி. ஜல்லி கூடினா சீக்கிரம் தேயாது, ஆனா அடி பட்டா பேந்துடும். அதுலயும் ஜல்லி பெருசு பெருசா இருந்தா வாய் மெலிசா இருக்கற இடத்துல அப்படியே பிச்சுக்கிட்டு வந்துரும், பழைய டி2 ஸ்டீல்ல நடக்கறது இது தான். அதுக்கு தான் பவுடர் முறைனு ஒண்ணு வந்துச்சு, உருகின ஸ்டீல கேஸ் அடிச்சு பொடிப்பொடியா சிதற விடுவாங்க, ஒவ்வொரு துளியும் சட்டுனு ஆறிடறதால கார்பைடு வளர நேரமே இருக்காது, அந்த பொடிய சூட்லயும் அழுத்தத்துலயும் ஒண்ணா சேத்து கட்டியாக்கிடுவாங்க. அமெரிக்காவோட க்ரூசிபிள் கம்பெனி பண்ணின இந்த வகைக்கு தான் ஸ்டீல் பேருக்கு முன்னாடி சிபிஎம்னு போட்டிருக்கும்.

நல்ல கத்தி ஸ்டீல்னு பேசப்படறதுல நிறைய, கத்திக்காக செஞ்சதே இல்ல. எம்390 ஆஸ்திரியாவோட போலர் கம்பெனி பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் பாகங்களுக்காக செஞ்சது, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் ஓடினாலும் தேயக்கூடாதுனு. எம்4னு இன்னொரு ஸ்டீல், மெஷின் ஷாப்ல இரும்பு சீவுற டூலுக்கு வந்தது. கத்திக்குனே யோசிச்சு பண்ணின பெரிய முயற்சினா எஸ்30வி தான், 2001ல வந்தது, க்ரூசிபிள்ல இருந்த டிக் பார்பரும் கத்தி செய்யற கிறிஸ் ரீவும் பேசிப் பேசி உருவாக்கினது. 4 சதவீதம் வனேடியம், ரொம்ப கடினமான கார்பைடு ஆகற உலோகம் இது. அப்புறம் 2009ல எஸ்35விஎன் வந்துச்சு, வனேடியத்த கொஞ்சம் கொறச்சு நியோபியம்னு இன்னொரு உலோகம் சேத்தாங்க, அடி தாங்கற சக்தி கொஞ்சம் கூடுச்சு. 2019ல எஸ்45விஎன், துருவ தடுக்கற குரோமியம் கூடுதல். உண்மைய சொன்னா இந்த மூணுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த வேலைல கண்டுபிடிக்கவே முடியல, கடைக்காரன் பேச்ச கேட்டு பழசுல இருந்து புதுசுக்கு மாறாதீங்க.

மேக்னாகட் வேற கதை. லாரின் தாமஸ்னு ஒரு மெட்டலர்ஜிஸ்ட் 2021ல கொண்டு வந்தது, தயாரிச்சது க்ரூசிபிள். இதுல குரோமியம் 10.7 சதவீதம் தான். டி2ல 12 இருக்கு, எம்390ல 20 இருக்கு. அப்போ மேக்னாகட் தானே துரு பிடிக்கணும்? பிடிக்காது. டி2ல குரோமியத்துல பெரிய பங்க கார்பைடே இழுத்துக்கும், துருவ தடுக்க இரும்புல கரைஞ்சு நிக்கறது கம்மி. மேக்னாகட்ல கார்பன 1.15ஓட நிறுத்தி, 4 வனேடியமும் 2 நியோபியமும் போட்டிருக்காங்க, கார்பைடு ஆகற வேலைய அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கறதால குரோமியம் கிட்டத்தட்ட மொத்தமும் துரு தடுக்கவே நிக்குது. பெரிய குரோமியம் கார்பைடு இல்லாததால அடி தாங்கற சக்தியும் க்ரூவேர்னு ஸ்டெயின்லெஸ் இல்லாத ஒரு ஸ்டீல் பக்கத்துல போகுது. வெட்டுற ஆயுள்ல மட்டும் எம்390 முந்தும், எஸ்90வி (9 சதவீதம் வனேடியம்) அதுக்கும் மேல. நாள் பூரா அட்டை மட்டுமே வெட்டறவன் எஸ்90வி பக்கம் போனா தப்பில்ல.

இப்ப சாணைக்கல். வனேடியம் கார்பைடு நம்ம சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்ல விட கடினம். அதனால கல்லு சுத்தி இருக்கற இரும்ப தேய்க்கும், கார்பைட ஒண்ணும் பண்ணாது. எஸ்90விய அந்த கல்லுல போட்டா என்ன ஆகும்னா, பிசிறு (தேய்க்கும்போது வாய் ஓரத்துல மடங்கி நிக்கற மெல்லிசு இரும்பு) ஒரு பக்கத்துல இருந்து அடுத்த பக்கம் மாறிட்டே இருக்கும், போகவே போகாது, விரல் நுனிய வாய்க்கு குறுக்க மெதுவா இழுத்தா அந்த சொரசொரப்பு கைல மாட்டும், பேப்பர் வெட்டினா பாதில கிழியும். டைமண்ட் ப்ளேட்ல போட்டா அதே கத்தி சமத்தா வழிக்கு வந்துடும். எஸ்30வி, எம்390க்கும் டைமண்ட் இருந்தா நிம்மதி. கூர் வந்துச்சானு பாக்க பல்புக்கு நேரா வாய மேல பாத்த மாதிரி பிடிங்க, எங்கயாவது வெள்ளையா மின்னுச்சுனா அந்த இடம் மழுங்கி இருக்கு, இல்ல பெட்டில இருந்த ஸ்டேப்பிள் பின்னுல பட்டு சில்லு போயிருக்கு. நல்ல வாய் ஒளிய திருப்பி அனுப்பவே அனுப்பாது, கருப்பா ஒரு கோடு தான்.

ஸ்டீல் பேர விட முக்கியம் ஹீட் ட்ரீட்மெண்டும் (ஸ்டீல சூடு பண்ணி ஆற வச்சு கடினமாக்கறது) வாயோட தடிமனும். என்கிட்ட ஒரு கத்தி இருக்கு, கம்பெனி பேரு வேண்டாம், ப்ளேடுல எம்390னு பெருசா பொறிச்சிருக்கு, டெஸ்ட் பண்ணினா, கடினத்த அளக்கற ராக்வெல் சி (எச்ஆர்சி) அளவுல 58 கூட சரியா வரல. இந்த ஸ்டீலுக்கு 60ல இருந்து 62 இருந்தா தான் கொடுத்த காசுக்கு மரியாதை. வாய் மடங்கிட்டே இருக்கு, கார்பைடு எவ்வளவு இருந்து என்ன புண்ணியம். அந்தப் பக்கம் பக் கம்பெனியோட 110 மடக்குக் கத்திய பாருங்க, 1960கள்ல இருந்து வர்ற மாடல், சாதாரண 420எச்சி ஸ்டீல், ஆனா ஹீட் ட்ரீட்மெண்ட்ல பேர் போன பால் பாஸ் வகுத்துக் கொடுத்த முறை, பிடிச்சு வெட்டினா ஒரு குறை சொல்ல முடியாது. கோணமும் அப்படித்தான், ஒரு பக்கத்துக்கு 20 டிகிரில இருந்து 15க்கு இறக்கினாலே, ஸ்டீல் ஒரு படி ஏத்தி வாங்கினத விட அதிக பலன் கிடைக்கும், அதுக்கு செலவு அரை மணி நேரம் தான். ஆனா டைட்டா கட்டின பிளாஸ்டிக் ஸ்ட்ராப்ப நெம்பி அறுக்கற ஆளு இறக்காதீங்க, வாய் போயிடும்.

வாங்கும்போது மேக்னாகட்னு மட்டும் பாக்காம எத்தன எச்ஆர்சினு கேளுங்க, 62ல இருந்து 64 சொன்னா நல்லது, நம்பரே சொல்லாத கம்பெனிய விட்டுடுங்க. க்ரூசிபிள் 2024 டிசம்பர்ல திவால் மனு போட்டதால மேக்னாகட் இனி கிடைக்காதுனு ஒரு பீதி கிளம்புச்சு, அப்புறம் பிரான்ஸோட எராஸ்டீல் கம்பெனி அந்த சிபிஎம் வியாபாரத்த எடுத்துக்கிச்சு, அதனால பதறி ரெண்டு மூணா வாங்கி குவிக்க வேண்டாம்.

பட்ஜெட் இடிச்சா ஸ்வீடன்ல செய்யற 14சி28என் ஸ்டீல பாருங்க. பவுடர் ஸ்டீல் இல்ல, ஆனா கார்பைடு நுணுக்கமா இருக்கும், துரு பிரச்சனை இல்ல, சாதாரண கல்லுலயே அஞ்சு நிமிஷத்துல கூர் வந்துடும். ஐம்பது டாலருக்குள்ள நல்ல கத்தியே கிடைக்குது. மிச்ச காசுல 400, 1000 கிரிட் (நம்பர் கூட கூட சொரசொரப்பு கம்மி) ரெண்டு பக்கமும் இருக்கற டைமண்ட் ப்ளேட் ஒண்ணு வாங்கிடுங்க. மேக்ஸமெட், ரெக்ஸ் 121னு ரெண்டு ஸ்டீல பத்தி யாராவது கமெண்ட்ல கேப்பீங்கனு தெரியும், ராக்வெல் 67க்கு மேல போற ஐட்டங்க, வெட்டிட்டே இருக்கும் தான், ஆனா ஸ்டெயின்லெஸ் இல்ல, வேர்வை பட்ட பாக்கெட்ல ஒரு நாள் விட்டா புள்ளி விழும், ஸ்டேப்பிள்ல பட்டா சில்லு சில்லா போகும். ஆசைக்கு வாங்கறவங்க வாங்குங்க, வேலைக்கு எடுத்துட்டு வராதீங்க.