மெமரி, ஸ்டோரேஜ், கோப்பு முறைமை: கேள்வி பதில்

கேள்வி: போனில் 128 ஜிபி இருக்கிறது. பாதிக்கு மேல் காலி. ஆனாலும் ஆப்கள் தானாக மூடிக்கொள்கின்றன. படங்களை அழித்தால் சரியாகுமா?

ஆகாது. 128 ஜிபி என்பது சேமிப்பிடம். ஆப் ஓடுவது ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில். ரேம் நிரம்பினால் பின்னணியில் இருக்கும் ஆப்களை போன் மூடிவிடும். ரேமில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்று படித்துத் திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் நின்றால் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: பென்டிரைவில் 20 ஜிபி காலி, 6 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இருக்கும். அதில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்தான். 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக வரைதான் போகும். எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைமைக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் பேக்கப்.

கேள்வி: 1 டிபி டிஸ்க், 931 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாற்றுதானே?

இல்லை. பெட்டியில் போட்டிருப்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு ஜிபி என்றே எழுதுகிறது.

கேள்வி: கணினியில் எல்லாமே இரண்டின் அடுக்கு. 1000 என்பது வியாபாரத் தந்திரம் சார்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். ரேம் இரண்டின் அடுக்கில் வருவதற்கு முகவரி பிட்கள் காரணம்: முகவரியில் ஒரு பிட் கூடினால் குறிக்கக்கூடிய இடங்கள் இரட்டிக்கும். டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கிலோ என்றால் எங்கும் ஆயிரம்தான். 1024 கணக்குக்கென்று கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்ற தனிப் பெயர்களை ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1998-லேயே கொடுத்துவிட்டது. மேக் 2009 முதல் ஆயிரத்தில்தான் எண்ணுகிறது.

கேள்வி: பழைய ஃப்ளாப்பியில் 1.44 எம்பி சரியாகத்தானே இருந்தது?

அதுதான் இருப்பதிலேயே பெரிய குளறுபடி! 1440-ஐ 1024-ஆல் பெருக்கினால் 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் அது 1.47, 1024 கணக்கில் 1.41. இரண்டையும் கலந்தால்தான் 1.44 வரும். இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் திரையில் காட்டும் அலகைத் திருத்த வேண்டும், டிஸ்க்கை அல்ல.

கேள்வி: என் 500 ஜிபி டிஸ்க் 465 காட்டுகிறதே?

மேலே படியுங்கள்.

கேள்வி: 256 ஜிபி எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிரைவ்), 238 காட்டுகிறதே?

அதே கணக்குதான். இனி இதற்குப் பதில் இல்லை.

கேள்வி: எஸ்எஸ்டியை டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யலாமா?

வேண்டாம். வேகம் கூடாது, தேய்மானம்தான் கூடும்.

கேள்வி: தவறுதலாக அழித்த கோப்பை மீட்க முடியுமா?

ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு. அழிக்கும்போது பட்டியலில் உள்ள பதிவுதான் போகிறது, தரவு மேலெழுதப்படும்வரை கிடக்கும். உடனே அதில் எழுதுவதை நிறுத்துங்கள், மீட்பதை வேறு டிஸ்க்கில் போடுங்கள். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு: ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று சொல்லும் ட்ரிம் கட்டளை போனதும் அந்த இடத்தை டிரைவே துடைத்துவிடலாம். அதனால்தான் பேக்கப், பேக்கப் என்கிறேன். ஒரே டிரைவில் இரண்டு ஃபோல்டரில் வைப்பது பேக்கப் ஆகாது.

கேள்வி: காப்பி முடிந்ததும் பென்டிரைவை அப்படியே பிடுங்கினால் என்ன?

திரையில் முடிந்தாலும் கடைசிப் பகுதி இன்னும் ரேமில் காத்திருக்கலாம். வெளியேற்று என்று கொடுத்துவிட்டு எடுங்கள்.