உறவுக்குப் பின் ரத்தக்கசிவு: இந்த வாரமே காட்டுங்கள்

கேள்வி: வயது 36. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். எடை கூடிவிட்டது, கன்னத்தில் கருந்திட்டு, வெள்ளைப்படுதல். மூன்று மாதமாக உறவுக்குப் பின் லேசாக ரத்தம் படுகிறது. ஸ்கேன் நார்மல். ஆனால் கர்ப்பப்பை வாயில் புண் என்கிறார்கள். மாத்திரையால் புற்றுநோய் வரும் என்று யூடியூபில் பார்த்து, அட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். எடையும் கன்னத்துத் திட்டும் இப்போதைக்கு ஒரு பொருட்டே அல்ல. உறவுக்குப் பின் ரத்தம் படுவதை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் நார்மல் என்று நிம்மதி அடையாதீர்கள். ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை வாயின் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது ஹெச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். அது நார்மல் என்று வந்து, ரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி செய்யச் சொல்லுங்கள். சந்தேகமான இடம் தெரிந்தால் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள்.

பெரும்பாலும் காரணம் சாதுவானதாகவே இருக்கும். மாத்திரையிலுள்ள ஹார்மோனால், கர்ப்பப்பை வாயின் உட்புறத்து மெல்லிய செல்கள் வெளிப்பக்கம் படர்ந்து சிவப்பாகத் தெரியும். தொட்டாலே கசியும், வெள்ளைப்படுதலும் கூடும். இதைப் புண் என்று சொல்லிப் பயமுறுத்துவதும், இதற்காகக் கர்ப்பப்பையையே எடுப்பதும் அநியாயம். ஆனால் உங்களுக்கு இருப்பது இதுதானா என்பதைப் பரிசோதித்தே சொல்ல முடியும்.

புற்றுநோய் பற்றி நீங்கள் பார்த்தது முழுப் பொய் அல்ல. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த எண்ணிக்கையைவிட இரண்டு மடங்கு என்பதைத்தான் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. 24 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணக்கின்படி, வளரும் நாடுகளில் 50 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வருவது மாத்திரையே சாப்பிடாத ஆயிரம் பெண்களில் 7.3 பேருக்கு. இருபதுகளில் பத்தாண்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 8.3. நிறுத்திய பின் ஆபத்து இறங்கி, பத்தாண்டுகளில் சாப்பிடாதவர்கள் அளவுக்கே வந்துவிடுகிறது. இந்தப் புற்றுநோய்க்கு மூலகாரணம் உடலைவிட்டுப் போகாமல் தங்கிவிடும் ஹெச்.பி.வி. வைரஸ். இதே மாத்திரை சினைப்பை, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களைக் குறைக்கவும் செய்கிறது. எட்டு ஆண்டுகளாக நீங்களே உங்களுக்குக் கேடு செய்துகொண்டதாக நினைத்து மருகாதீர்கள்.

அட்டையைப் பாதியில் நிறுத்தியதுதான் தவறு. அதனாலும் ரத்தம் படும், கருவும் தரிக்கும். நாள் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடுத்த கருத்தடை முறை முடிவாகும்வரை ஆணுறை கட்டாயம். மாத்திரையைத் தொடர்வதா, காப்பர் டி வைப்பதா என்பதை ரத்த அழுத்தமும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். வெள்ளைப்படுதலுக்கு மருந்துக்கடையில் கேட்டு எதையும் வாங்காதீர்கள். குறிப்பாக, பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் உறவும் வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். மாதிரி கெட்டுவிடும்.