ஃபெடரல் நீதிபதியாக எந்தப் பரீட்சை எழுத வேண்டும்?

தம்பி, நியூஜெர்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பதினைந்து வயது மகள், அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) அப்பீல் கோர்ட் நீதிபதி ஸ்ரீ ஸ்ரீநிவாசனைப் பற்றிப் படித்துவிட்டு "நானும் ஃபெடரல் நீதிபதி ஆவேன்" என்கிறாள், அதற்கு என்ன பரீட்சை என்று கேட்டிருந்தீர்கள். பரீட்சையே கிடையாது. நம்மூரில் சிவில் நீதிபதி வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதுகிற வழி இங்கே இல்லை. ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஓட்டெடுத்து ஒப்புதல் தரும், பிறகு ஆயுள் முழுக்கப் பதவி. வயது, பட்டம் எதையும் அரசியல் சாசனம் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பெயர் ஜனாதிபதியின் மேசைக்குப் போய்ச் சேர இருபது வருட உழைப்பு வேண்டும்.

ஸ்ரீநிவாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் சண்டிகரில் பிறந்தவர். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மகன் வளர்ந்தது அங்கே லாரன்ஸ் என்ற ஊரில். ஸ்டான்ஃபோர்டில் 1989-ல் இளங்கலை, 1995-ல் சட்டமும் எம்பிஏவும். அதன்பின் அப்பீல் கோர்ட்டில் நீதிபதி வில்கின்சனிடமும், உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ'கானரிடமும் லா கிளார்க்.

இந்தக் கிளார்க்கைக் குமாஸ்தா என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் திரும்புகிற இடம் இதுதான். இரு தரப்பு வாதங்களையும் படித்து, எது எங்கே நொண்டுகிறது என்று நீதிபதிக்குக் குறிப்பு எழுத வேண்டும். தீர்ப்பின் முதல் வரைவைத் தயாரிக்க வேண்டும். காட்டப்பட்ட பழைய தீர்ப்பு ஒவ்வொன்றையும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வருட வேலை. அப்பீல் கோர்ட் நீதிபதி ஒருவருக்கு வழக்கமாக நான்கு பேர்தான். சட்டக் கல்லூரி மதிப்பெண், எழுத்து மாதிரி, இரண்டு மூன்று பேராசிரியர்களின் பரிந்துரை, இவற்றை வைத்துத்தான் எடுப்பார்கள். பெரும்பாலோர் சறுக்குவது பரிந்துரையில். நூறு பேர் வகுப்பில் 'ஏ' வாங்கினால் பேராசிரியருக்கு முகம்கூடத் தெரியாது. அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராக வேலை செய்தால்தான் கடிதத்தில் சத்து இருக்கும். எழுத்து மாதிரியும் பிறர் கை படாததாக இருக்க வேண்டும்.

பிறகு ஸ்ரீநிவாசன் தனியார் சட்ட நிறுவனத்திலும், அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்திலும் மாறி மாறி வேலை செய்தார். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தில் நின்று பேசியிருக்கிறார். பொதுவாக ஒரு தரப்புக்கு அரை மணி நேரம். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது வெள்ளை விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் பேச்சை முடித்துவிட வேண்டும். நேரத்தில் பெரும்பகுதி நீதிபதிகளின் கேள்விக்கே போய்விடும். மனப்பாடம் அங்கே உதவாது.

ஒபாமா இவரை வாஷிங்டன் டி.சி. அப்பீல் கோர்ட்டுக்கு முன்மொழிந்தது 2012 ஜூனில். ஓட்டு நடக்குமுன் அந்தக் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) காலம் முடிந்ததால் பெயர் திரும்பி வந்துவிட்டது. 2013 ஜனவரியில் மறுபடி அனுப்பினார்கள். மே 23-ல் செனட் 97-0 என்ற ஓட்டில் ஒப்புதல் தந்தது. இடையில் எஃப்.பி.ஐ. விசாரணை, சொத்து விவரம், நடத்திய முக்கியமான பத்து வழக்குகள், இதுவரை எழுதியது, பேசியது என எல்லாவற்றையும் கேட்கும் நீண்ட படிவம். வரி பாக்கியோ, எப்போதோ எழுதிய ஒரு பத்தியோ இங்கே வந்து மாட்டும். 2020-ல் அவர் அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஆனதற்குத் தனித் தேர்வு ஏதும் இல்லை. 65 வயதுக்குட்பட்டவர்களில் பணிமூப்பு உள்ளவருக்கு அதிகபட்சம் ஏழு வருடம் அந்தப் பொறுப்பு வரும்.

குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் இமிக்ரேஷன் நீதிபதிகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர்கள், ஆயுள் பதவி கிடையாது.

உங்கள் விஷயத்தில் அவசரம் வேறு. மகள் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தால் 21 வயதில் அது போய்விடும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இளங்கலை நான்கு வருடம், சட்டம் மூன்று வருடம் என்று கணக்குப் போட்டால் கிளார்க் வேலைக்கு மனுப்போடும்போது வயது இருபத்து நான்கு ஆகிவிடும். சம்பளத்தோடு ஃபெடரல் கிளார்க் வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமையோ, குடியுரிமையை நோக்கிப் போகும் கிரீன் கார்டோ (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கேட்பார்கள். ஆகவே கிரீன் கார்டு வரிசையில் உங்கள் தேதி எங்கே நிற்கிறது, 21 வயதுக் கணக்கில் அவளுக்குச் சலுகை கிடைக்குமா என்பதை ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் இப்போதே கேளுங்கள். அவளுக்கு இந்த வயதில் எல்எஸ்ஏடி (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) புத்தகம் வாங்கித் தர வேண்டாம். பள்ளியில் மாக் ட்ரயல் (மாதிரி நீதிமன்ற விசாரணை) குழு இருந்தால் சேர்த்துவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது பக்கத்து ஃபெடரல் கோர்ட்டில் பார்வையாளர் வரிசையில் அரை நாள் உட்கார வையுங்கள். டிக்கெட், அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். வாசலில் பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு.