வியாழன் இரண்டாகத் தெரிவது கண்ணாடியின் பிழைதான்

தம்பி, உங்கட 114 மி.மீ. நியூட்டன் தொலைநோக்கியில வியாழனுக்குப் பக்கத்தில மங்கலா இன்னொரு வியாழன் தெரியிறதுக்குக் காரணம், சாய்வாடிக்கு (குழாய்க்குள்ள சரிவா நிண்டு ஒளியைக் கண்வில்லைப் பக்கம் திருப்புற சின்ன ஆடிக்கு) நீங்கள் வெட்டிப் போட்ட அலுமாரிக் கண்ணாடிதான். அதில வெள்ளிப்பூச்சு பின்பக்கம். கண்ணாடியின்ர முன்பக்கமும் ஏறக்குறைய 4 வீதம் ஒளியைத் திருப்பும், அதுதான் அந்தப் பேய் உருவம். குழாயின்ர அடியில இருக்கிற பெரிய முதன்மை ஆடியில கை வைக்காதேங்கோ.

உங்களுக்கு வேண்டியது முன்பக்கம் பூச்சுள்ள ஆடி. ரவுணுக்குள்ள ஃபோட்டோகொப்பி மெசின் திருத்துற கடையில கழிச்ச மெசின் இருக்கோ எண்டு கேளுங்கோ, உள்ளுக்க நீளக் கீலமா இருக்கும். பழைய தடிச்ச ஸ்கானரிலும் உண்டு. மெல்லிய ஸ்கானரைக் கழட்டி மினக்கெடாதேங்கோ, அதில ஆடியே இல்லை. பென்சில் நுனியை மெல்ல முட்டப் பாருங்கோ: நுனியும் அதின்ர விம்பமும் இடைவெளியில்லாமல் சந்திச்சால் சரியான சாமான்.

அலுமாரிக் கண்ணாடியின்ர பின்பக்க மையைக் கரைச்செடுக்க நானும் பார்த்தனான். மையோட வெள்ளியும் உரிஞ்சு வந்திட்டுது! தப்பினாலும் எங்கட உப்புக்காத்தில கறுத்துப்போகும்.

ஒண்டு சொல்லவேணும், ஸ்கானர் ஆடி அவ்வளவு தட்டையில்லை. 40, 50 மடங்கு பெருப்பிச்சுப் பார்க்கக் காணும். வியாழனின்ர பட்டைகளை 150 மடங்கில பார்க்க ஆசையெண்டால், கால் அலைநீளத் தட்டையுள்ள (மேடுபள்ளம் ஒளியின்ர அலைநீளத்தில காலுக்கு மேல போகாத), 25 மி.மீ. சிற்றச்சுள்ள (குறுகின பக்க அகலம்) நீள்வட்ட ஆடியை வெளியில இருந்து எடுப்பிக்கத்தான் வேணும். எதெண்டாலும் துணியால துடைக்காதேங்கோ, தூசியை ஊதிவிடுங்கோ.