ஆர்க்கிடெக்சர் படிக்க எந்த லேப்டாப்? கார்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் திரை

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஆறு வாரத்தில் வகுப்பு தொடங்குகிறது. கேமிங் லேப்டாப்தான் வாங்கணும், கிராபிக்ஸ் கார்டு பெரிதாக இருக்கணும் என்கிறான் அண்ணன். மேக் வாங்கு, வருடக்கணக்கில் உழைக்கும் என்கிறார் மாமா. தெரிந்த சீனியர் ஒருவர் லேப்டாப்பே வேண்டாம், டெஸ்க்டாப் வாங்கு என்கிறார். கடன் வாங்கியாவது நல்லதாக வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொல்கிறார். ஒரு தடவைதான் வாங்க முடியும், தப்பாக வாங்கிவிட்டால் படிப்பு முழுக்கக் கஷ்டப்படணுமே என்று பயமாக இருக்கிறது. பேனாவால் வரையும் டேப்லெட்டும் சேர்த்து வாங்கணுமா? — ஒரு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அப்பாவிடம் போய், இப்போதைக்குக் கடன் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. சேரும் நாளிலேயே லேப்டாப் வேண்டும் என்று கல்லூரி எழுத்தில் கேட்டிருந்தால் சரி, வேறு வழியில்லை. அப்படி இல்லையென்றால் முதல் சில மாதங்கள் உன் கையில் இருக்கப் போவது பென்சில், டி-ஸ்கொயர், கட்டர், மவுண்ட் போர்டு, பசை. பல இடங்களில் முதல் வருடம் கணினியில் வரைந்த ஷீட்டை ஆசிரியர்கள் வாங்கவே மாட்டார்கள். கோட்டின் அழுத்தமும் அளவும் கைக்குப் பழகட்டும், மவுஸ் அப்புறம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். கட்டுரை எழுதவும் படம் தேடவும் வீட்டில் இருக்கும் பழைய கணினியோ கல்லூரி லேபோ போதும். அந்த இடைவெளியில் உனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: எந்த மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் எந்த வருடத்துப் பதிப்பு. இந்த இரண்டும் தெரியாமல் கடைக்குப் போவது, மனையைப் பார்க்காமல் பிளான் போடுவது மாதிரி.

பதிப்பு எதற்கு என்று கேட்பாய். கட்டடத்தை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் ரெவிட் மென்பொருளில், புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, பழைய பதிப்புக்கு ஏற்ற மாதிரி சேமிக்கும் வசதியும் அதில் கிடையாது. கோட்டுப் படம் வரையும் ஆட்டோகேட்டில் அப்படிச் சேமிக்க முடியும். குழுவாகச் செய்யும் வேலையில் ஒருத்தி மட்டும் புதுப் பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் மற்ற நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மேக் விஷயமும் இங்கேதான் முடிவாகும். ரெவிட், த்ரீடிஎஸ் மேக்ஸ், லூமியான் இந்த மூன்றும் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்க்கிகேட், வெக்டர்வொர்க்ஸ், பிளெண்டர், அடோபி மென்பொருள்கள் எல்லாம் மேக்கிலும் நன்றாக ஓடும். ஆட்டோகேட்டும் உண்டு, கொஞ்சம் வசதி குறைவு. முன்பெல்லாம் மேக்கிலேயே விண்டோஸையும் தனியாக நிறுவிக்கொள்ளலாம், ஆனால் 2020-ல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியது, அந்தச் சிப் உள்ள மேக்குகளில் அந்த வசதி இல்லை. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்ட உதவும் பேரலல்ஸ் போட்டு ரெவிட்டை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அந்த வழியை ஆதரிப்பதில்லை, சப்மிஷனுக்கு முந்தின இரவு ஏதாவது மக்கர் செய்தால் கேட்க ஆள் கிடையாது. மாமா சொல்வதில் தப்பில்லை. மேக்கின் திரை அருமை, பேட்டரி நிற்கும், சத்தம் குறைவு. உன் கல்லூரி ரைனோ, ஆர்க்கிகேட் பக்கம் என்றால் தாராளமாக வாங்கு. ரெவிட் கட்டாயம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். இன்னொன்று, மேக்புக்கில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போது எவ்வளவோ கடைசிவரை அவ்வளவுதான்.

அண்ணன் சொல்லும் கார்டுக்கு வருகிறேன். இந்தப் படிப்பில் கணினி உன்னைக் காக்க வைப்பது இரண்டு இடத்தில், இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ரெவிட்டில் ஒரு சுவரை ஓரடி நகர்த்துகிறாய் என்று வை. அந்தச் சுவரில் இருக்கும் கதவு நகரணும், ஜன்னல் நகரணும், பக்கத்து அறையின் பரப்பளவு மாறணும், செக்ஷனும் (வெட்டுத் தோற்றம்) எலிவேஷனும் (நேர்முகத் தோற்றம்) மாறணும். ஒன்றின் விடை தெரிந்தால்தான் அடுத்ததைக் கணக்கிட முடியும் என்பதால் இந்த வேலையைப் பெரும்பாலும் பிராசசரின் ஒற்றை கோர்தான் (அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று) இழுக்கிறது. இருபது கோர் இருந்தாலும் மற்றவை வேடிக்கை பார்க்கும். ஆட்டோகேட்டும் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று பார். ரெண்டர் செய்வது, அதாவது டிசைனை நிஜப் புகைப்படம் மாதிரி படமாக்குவது, நேர்மாறு. படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா கோரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், அல்லது கிராபிக்ஸ் கார்டு மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும். லூமியான், என்ஸ்கேப், ட்வின்மோஷன் போன்ற ரெண்டர் மென்பொருள்கள் எல்லாம் கார்டை நம்பி இருப்பவை. அண்ணன் அந்த அளவில் சரி. ஆனால் நீ நாள் முழுக்கச் சுவரை நகர்த்துவாய், ரெண்டர் என்பது கடைசி இரண்டு நாள் வேலை.

கார்டு வாங்கும்போது அதன் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதே. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயருள்ள கார்டு, ஒரு மாடலில் 35 வாட்டில் ஓடும், இன்னொன்றில் 115 வாட் வரை இழுக்கும். மெல்லிய உடம்புக்குள் வைத்தால் சூட்டை வெளியேற்ற இடம் இல்லாததால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள், வேகமும் அதற்கேற்பக் குறையும். எத்தனை வாட் என்று கடையில் கேள், தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலும் பார். கார்டுக்குள் இருக்கும் நினைவகம் 8 ஜிபி இருக்கட்டும். மரமும் புல்லுமாக நிரப்பிய ஒரு காட்சி அதைத் தாண்டிவிட்டால் படம் தத்தளிக்கும், இல்லை மென்பொருளே மூடிக்கொள்ளும். ஒர்க்ஸ்டேஷன் கார்டு என்று தனியாக விற்பார்கள், மாணவிக்குத் தேவையே இல்லை.

ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. ரெவிட், ஃபோட்டோஷாப், முப்பது டேப் திறந்த பிரவுசர், இரண்டு பிடிஎஃப் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துதான் இருக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா, ஸ்லாட் இருக்கிறதா என்பது. ஸ்லாட் காலியாக இருந்தால் இப்போது 16 வாங்கிவிட்டு மூன்றாம் வருடம் கூட்டிக்கொள்ளலாம். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும், 512 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும்.

இப்போது யாருமே உனக்குச் சொல்லாத விஷயம். திரை.

நான் மூன்றாம் வருடம் ஒரு பள்ளிக்கூடம் டிசைன் செய்தேன், பூசாத செங்கல் சுவர். என் லேப்டாப் திரையில் செங்கல் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், போதவில்லை, இன்னும் ஏற்றினேன், நிழல் கறுப்பாகத் தெரிந்ததால் வெளிச்சத்தையும் கூட்டினேன். விடியற்காலையில் ஏ1 தாளில் பிரிண்ட் வந்தது. சுவர் முழுக்க ரத்தச் சிவப்பு, நிழல் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. மறுபடி பிரிண்ட் எடுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. ஜூரியில், அதாவது டிசைனை மதிப்பிடும் குழுவின் முன், முதல் கேள்வியே ஏன் இந்த நிறம் என்பதுதான், எனக்குக் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் பத்து நிமிடம் அதிலேயே போனது. இரண்டு வாரம் உட்கார்ந்து தீர்த்திருந்த மாடிப்படியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று இரண்டு அளவுகோல் உண்டு. மலிவான திரைகளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது சுமார் 60 சதவீத நிறம்தான், மீதி நிறத்தை அந்தத் திரையால் காட்டவே முடியாது. 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதை வாங்கு. கேமிங் லேப்டாப்பிலேயே நல்ல கார்டைப் போட்டுவிட்டுத் திரையில் கைவைத்த மாடல்கள் உண்டு, கவனமாக இரு.

நிறத்தோடு முடியவில்லை. செக்ஷன் வரையும்போது வெட்டுப்பட்ட சுவருக்கு 0.35 மில்லிமீட்டர் கோடு, பின்னால் தெரியும் விஷயங்களுக்கு 0.13 என்று கொடுப்பாய், வரைபடத்தின் உயிரே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஏ1 தாளின் நீளம் 841 மில்லிமீட்டர். 1920 பிக்சல் திரையில் முழு ஷீட்டையும் விரித்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 0.44 மில்லிமீட்டர் விழும். அதாவது 0.35-ம் 0.13-ம் இரண்டுமே ஒரு பிக்சலுக்குள் அடங்கி ஒரே மாதிரி தெரியும், ஷீட் நன்றாக இருக்கிறது என்று நினைத்து அனுப்பிவிடுவாய், பிரிண்ட்டில் எல்லாம் தட்டையாக இருக்கும். 2560 பிக்சல் திரையிலும் இது முழுக்கத் தீராது, ஆனால் கொஞ்சம் பெரிதாக்கினாலே கோடுகள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். அதனால் 16 அங்குலம், 2560-க்கு 1600 கிடைத்தால் விடாதே. எந்தத் திரையாக இருந்தாலும் ஷீட்டின் ஒரு மூலையை மட்டும் வெட்டி ஏ4-ல் அசல் அளவிலேயே பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஏ1-க்குப் போ.

அப்பா கடன் வாங்கி உச்சத்தில் இருக்கும் கார்டை வாங்கித் தருவதைவிட, நடுத்தரமான லேப்டாப்பும் அறையில் நல்ல நிறம் காட்டும் 27 அங்குல மானிட்டர் ஒன்றும் வாங்கித் தந்தால் உனக்குப் பத்து மடங்கு உபயோகம். ஒன்றில் பிளான், இன்னொன்றில் செக்ஷன் என்று திறந்து வைத்து வேலை செய்து பழகிவிட்டால் திரும்பவே மனது வராது. மிச்சப் பணம் அப்படியே இருக்கட்டும். பிரிண்ட்டுக்கும் மாடல் செய்யும் பொருளுக்கும் ஒவ்வொரு பருவமும் காசு கேட்டுக்கொண்டே இருக்கும், அதை முதலிலேயே கணக்கில் வைக்காமல் எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டுவிட்டுத் தவித்த நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சீனியர் சொன்ன டெஸ்க்டாப், அதே பணத்துக்கு அதிக வேகம் தரும், அவ்வளவாகச் சூடாகாது, பாகம் பாகமாக மாற்றலாம். ஆனால் ஸ்டுடியோவில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து 'இந்தப் படியை அந்தப் பக்கம் தள்ளிப் பாரேன்' என்று சொல்லும்போது அங்கேயே தள்ளிக் காட்ட முடியணும். அதற்கு லேப்டாப்தான். எடையை மட்டும் யோசி, கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டரைக் கிலோ பக்கம் வரும், சார்ஜரே தனியாக ஒரு செங்கல் மாதிரி இருக்கும். ஒரு தோளில் ஷீட் டியூப், கையில் மாடல், முதுகில் இது. சார்ஜரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, பேட்டரியில் ஓடும்போது கார்டின் வேகம் வெகுவாக இறங்கிவிடும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் சீனியருடைய ஷீட் ஒன்றின் பிடிஎஃப், உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சுவரின் புகைப்படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லேப்டாப்பிலும் அதைத் திறந்து வை. திரையைச் சாய்த்துப் பார், பக்கவாட்டில் நின்று பார். ஒருமுறை பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும், விற்பனையாளர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டில் எண்கள் தனியாக இருக்கிறதா பார், நாள் முழுக்க அளவு தட்டுவாய். அப்படியே நடுச்சக்கரம் உள்ள ஒரு நல்ல மவுஸும் வாங்கிவிடு, டச்பேடில் யாராலும் பிளான் வரைய முடியாது.

மென்பொருளுக்குத் தனியாகக் காசு ஒதுக்கும் முன் விசாரி. ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஆட்டோகேட், ரெவிட் எல்லாம் இலவசமாகத் தருகிறது, வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளணும். பிளெண்டர் எல்லோருக்குமே இலவசம். ரைனோவை 90 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். அதனால் யாராவது கிராக் பதிப்பு தருகிறேன் என்று பென் டிரைவை நீட்டினால் வாங்காதே, அதோடு வரும் வைரஸ் ஒரு பருவத்து வேலையைத் தின்றுவிடும். வைரஸே இல்லாவிட்டாலும் வட்டு ஒருநாள் போகும். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் லேப்டாப் மேசையிலிருந்து விழுந்து, இறுதி சப்மிஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது எல்லாம் போனது, அவள் அழுததைப் பார்த்த பிறகு நான் தினமும் தூங்கும் முன் வெளி டிரைவில் ஒரு பிரதி, இணையத்தில் ஒரு பிரதி போட்டுவிடுவேன். லேப்டாப் வாங்கும் அன்றே அந்த டிரைவையும் வாங்கிவிடு.

பேனாவால் வரையும் டேப்லெட் கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். இரண்டாம் வருடம் முடியும்போதும் ஆசை இருந்தால் அப்போது வாங்கிக்கொள். அதுவரை அடியில் இருப்பது தெரியும் பட்டர் பேப்பர் சுருள் ஒன்று வாங்கி மேசையிலேயே வைத்துக்கொள், பிளான்மேல் பிளானாக வைத்து வரைந்துகொண்டே போகலாம்.