பிள்ளை இல்லாத பேரரசர்கள்

கேள்வி: ரோமில் நெர்வா முதல் மார்க்கஸ் அரேலியஸ் வரை ஐந்து பேரும் வாரிசாக வராமல், தகுதி பார்த்துத் தத்தெடுக்கப்பட்டு ஆட்சிக்கு வந்தவர்கள். அதனால்தான் ‘ஐந்து நல்ல பேரரசர்கள்’ என்று பெயரெடுத்தார்கள். மகனுக்குப் பட்டம் கட்டி அந்த நல்ல முறையை மார்க்கஸ் கெடுத்துவிட்டார், இல்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. முதலாவது, நெர்வாவை யாரும் தத்தெடுக்கவில்லை. கி.பி. 96 செப்டம்பர் 18 அன்று, அவருக்கு முன்பு ஆண்ட பேரரசர் டொமிஷியனை அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். அன்றே செனட் சபை நெர்வாவைப் பேரரசர் ஆக்கியது. அறுபதைத் தாண்டியவர், பிள்ளை இல்லை, கையில் படையும் இல்லை. அவர் காலத்துக் காசு ஒன்றில் இரண்டு கைகள் கோத்திருக்கும். சுற்றிலும் ‘படைகளின் ஒற்றுமை’ என்று எழுதியிருக்கும். இல்லாத ஒற்றுமையைத்தான் காசில் அடித்தார்கள். மறு ஆண்டே மெய்க்காவல் படை திரண்டு வந்து, டொமிஷியனைக் கொன்றவர்களை ஒப்படைக்கச் சொன்னது. நெர்வா துணியை விலக்கித் தன் தொண்டையையே நீட்டினார் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். பயனில்லை. கேட்ட ஆட்களைக் கொன்றுவிட்டுத்தான் படை ஓய்ந்தது. அப்புறம்தான் தத்து: ஜெர்மானிய எல்லையில் பெரும்படையோடு இருந்த ஆளுநர் டிராஜனை நெர்வா மகனாக அறிவித்தார். டிராஜன் தகுதியானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று நெர்வாவுக்குத் தேவைப்பட்டது அவருக்குப் பின்னால் நின்ற படை.

டிராஜனுக்குப் பின் வந்த ஹேட்ரியன் கதை இன்னும் கலங்கலானது. 117 ஆகஸ்டில் டிராஜன் சிலிசியாவில் (இன்றைய துருக்கியின் தென்கரை) இறந்தார். ஹேட்ரியன் அப்போது சிரியாவின் ஆளுநர். தத்தெடுத்த செய்தி அவருக்கு 9-ஆம் தேதி கிடைத்தது, மரணச் செய்தி 11-ஆம் தேதி. டியோவின் தந்தை பின்னாளில் அதே சிலிசியாவில் ஆளுநராக இருந்து இதை விசாரித்தவர். மரணத்தைச் சில நாள் மறைத்தார்கள், செனட்டுக்குப் போன கடிதத்தில் டிராஜனின் கையெழுத்து இல்லை, மனைவி புளோட்டினாவின் கையெழுத்துதான் இருந்தது என்று டியோ எழுதி வைத்திருக்கிறார். ஹேட்ரியன் வேற்று ஆளும் இல்லை. டிராஜனின் ஒன்றுவிட்ட சகோதரர் மகன்; டிராஜனுடைய அக்காவின் பேத்தியை மணந்தவர். பதவிக்கு வந்த சூட்டோடு முன்னாள் கான்சல்கள் (ரோமின் உயர்ந்த பதவி வகித்தவர்கள்) நால்வர் விசாரணை இல்லாமல் கொல்லப்பட்டார்கள்.

138-இல் ஹேட்ரியன், ஐவரில் நான்காமவரான அன்டோனினஸைத் தத்தெடுத்தார். ஒரு நிபந்தனை: அவர் உடனே இரண்டு பையன்களைத் தத்தெடுக்க வேண்டும். ஒருவர் மார்க்கஸ், வயது 16, அன்டோனினஸின் மனைவிக்கு அண்ணன் மகன். இன்னொருவர் லூசியஸ் வேரஸ், வயது 7. ஏழு வயதுப் பிள்ளையிடம் ஆட்சித் தகுதியை எப்படிப் பார்த்தார்கள்? அவனுடைய அப்பாவைத்தான் ஹேட்ரியன் முதலில் தத்தெடுத்திருந்தார், அவர் அந்த ஜனவரியில் இறந்துபோனார். அதற்கு ஈடாகத்தான் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நெர்வா, டிராஜன், ஹேட்ரியன் மூவருக்கும் பிள்ளை இல்லை. அன்டோனினஸின் மகன்கள் இருவரும் முன்பே இறந்துவிட்டார்கள். பெற்ற மகன் இருந்தும் ஒதுக்கிவிட்டு வெளியாளைத் தேர்ந்தெடுத்தவர் இந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க, எந்த முறையை மார்க்கஸ் கெடுத்தார்?

அவருக்குப் பிறந்தவை பதின்மூன்றுக்கும் மேல். ஆண் பிள்ளைகளில் மிஞ்சியது கொமோடஸ் மட்டும். 175-இல் மார்க்கஸ் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பி, கிழக்கே படைத்தலைவர் அவிடியஸ் காசியஸ் தன்னையே பேரரசராக அறிவித்துக்கொண்டார். அடுத்தவர் யார் என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை மார்க்கஸ் கண்ணால் பார்த்தார். இரண்டு ஆண்டில் மகனை இணை அரசராக்கினார். வேறு யாரையாவது தேர்ந்தெடுத்திருந்தால், உயிரோடிருக்கும் அந்த மகனைச் சுற்றி ஒரு படை திரண்டிருக்கும். புதியவர் அவனைக் கொல்லாமல் விட்டிருப்பாரா? கொமோடஸ் கொடியவர்தான். அதற்காக, பெற்ற பிள்ளையைச் சாவுக்கு அனுப்பவில்லை என்று மார்க்கஸைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தகுதி பார்த்து மட்டும் ஒருவரை உட்கார வைத்தார்களா என்றால், சரி, ஒருவரைச் சொல்லலாம். 192 கடைசி நாளில் கொமோடஸ் கொல்லப்பட்டபின் வந்த பெர்டினாக்ஸ். விடுதலை பெற்ற அடிமையின் மகன், பள்ளி ஆசிரியராக இருந்து படையில் சேர்ந்து உயர்ந்தவர். தன் மகனுக்கு இளவரசுப் பட்டம் தர செனட் முன்வந்தபோது வேண்டாம் என்றவர். நெர்வாவைப் போலவே வயதானவர், அவரைப் போலவே மெய்க்காவல் படையிடம் மாட்டினார். காப்பாற்ற ஒரு டிராஜன் இல்லை. 87-ஆம் நாள் அவரைக் கொன்றுவிட்டு, அதே படை அரியணையை ஏலம் போட்டது. படைவீரர் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமக் காசு) தருகிறேன் என்ற டிடியஸ் ஜூலியானஸ் அதை வாங்கினார்.