புகழ்பெற்ற கார் பந்தய ட்ராக்குகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஏன்?

ஸ்பா. யோசிக்கவே வேண்டாம்.

மொனாக்கோ, மோன்ஸா, சுசுகா எல்லாமே பிடிக்கும். ஆனால் பெல்ஜியத்தில் ஆர்டென் காட்டுக்குள் கிடக்கும் இந்த ட்ராக் மாதிரி எதுவும் வராது. காரணம், இதை யாரும் வெறும் மனையில் கோடு போட்டுக் கட்டவில்லை. ஃப்ராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ என்ற மூன்று ஊர்களை இணைத்த சாதாரணச் சாலைகளில்தான் 1920களில் பந்தயம் தொடங்கியது. மேடும் பள்ளமும் அங்கே முன்பே இருந்தவை. அன்றைக்கு ஒரு சுற்றே ஏறக்குறைய 15 கி.மீ. 1979இல் பாதியாகக் குறைத்தார்கள், அப்படியும் 7.004 கி.மீ. நீளத்தோடு இன்றைய ஃபார்முலா 1 (எஃப்1) ட்ராக்குகளில் இதுதான் பெரியது.

எல்லோரும் சொல்லும் ஓ ரூஜ், ட்ராக்குக்கு அடியில் ஓடும் ஒரு சின்ன ஓடையின் பெயர். லா சோர்ஸ் வளைவில் திரும்பி இறக்கத்தில் பாய்ந்து வரும் கார், அந்த ஓடையருகே அப்படியே தரையோடு அமுங்கி, இடம் வலமாக ஒடித்து ரேடியோன் ஏற்றத்தில் ஏறும். கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம். டிவியில் வெளிக் கேமராவில் பார்த்தால் அது தெரியவே தெரியாது, ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் கேமராவில் பாருங்கள், முன்னால் சுவர் மாதிரி ரோடு நிற்கும், அப்புறம் திடீரென்று வானம் மட்டும்தான், உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேதான் அழுத்திக்கொண்டு போக வேண்டும்.

அந்த ஏற்றம் முடிந்ததும் வரும் கெம்மல் நேர்சாலையில்தான் 2000இல் நடந்த எஃப்1 பந்தயத்தில் ஹாக்கினென் ஷூமாக்கரை முந்தினார். நடுவில் ஒரு சுற்று பின்தங்கிய ஸோன்டாவின் கார். ஷூமாக்கர் இடப்பக்கம் ஒதுங்க, ஹாக்கினென் வலப்பக்கம் நுழைந்துவிட்டார், மூன்று கார்களும் 300 கி.மீ.க்கு மேல் வேகத்தில் ஒரே வரிசையில்! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

மழை இன்னொரு விஷயம். ஒரு மூலையில் கொட்டும், இன்னொரு மூலையில் ரோடு காய்ந்திருக்கும், எந்த டயர் போட்டாலும் பாதித் தூரத்துக்குத் தப்பாகிவிடும். 2021இல் விடாத மழையால் சேஃப்டி காருக்கு (ஆபத்தான நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓட்டவைக்க முன்னால் போகும் கார்) பின்னால் சில சுற்றுகள் ஊர்வலம் மாதிரி போய்விட்டு, வழக்கமான புள்ளிகளில் பாதியை மட்டும் கொடுத்து முடித்தார்கள். நாள் முழுக்க நனைந்த ரசிகர்களை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1966இல் முதல் சுற்றிலேயே மழையில் சறுக்கிய ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் மாட்டிக்கொண்டார். சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும் ஒரு பார்வையாளரிடம் ஸ்பானர் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் பந்தயப் பாதுகாப்புக்காக அவர் பெரிய போராட்டமே நடத்தினார். 2019இல் எஃப்2 (எஃப்1க்கு அடுத்த நிலை) பந்தயத்தில் ரேடியோனைத் தாண்டியதும் நடந்த மோதலில் இறந்த அந்த்வான் உபேருக்கு 22 வயதுதான். பிறகு ஏற்றத்தின் ஓரங்களை அகலப்படுத்தினார்கள், ஏற்றத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் மழை நாளில் அங்கே கார்கள் கிளம்பும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.